பெரிய மாமா கழுத்து மாலையை நான் அழிக்கவில்லை

ஒருத்தியை முட்டாள் என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வாள். சதிகாரி என்று சொல்லுங்கள், அதில்கூடக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. ஆனால் ஒரே காரியத்துக்காக, ஒரே குடும்பம், ஒரே வாரத்தில் இரண்டையும் சொன்னால் எப்படி? முட்டாளுக்குச் சதி செய்யத் தெரியாது. சதி செய்யத் தெரிந்தவள் முட்டாளாக இருக்க மாட்டாள். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு திட்டுங்கள் என்று நான் அப்போதே கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

நான் பெரம்பலூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்பதால் ‘சிஸ்டம் இன்சார்ஜ்’ என்று பெயர். (பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, ஏ.சி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவது எல்லாம் இந்தப் பெயருக்குள் அடக்கம்.) எடுத்துவந்த வீடியோவையெல்லாம் கொட்டிவைக்க அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் உண்டு. சர்வர் என்போம். கேமராக்காரர்கள் கார்டில் இருப்பதை அதில் ஏற்றிவிட்டு, சில நாளில் கார்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். எடிட்டர் ஜாகீர் (ஆள் குறைந்தால் கேமராவும் பிடிப்பார்) அதிலிருந்து எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுப் பார்ட்டிக்குக் கொடுப்பார்.

என் கல்யாணத்தையும் எங்கள் ஸ்டூடியோதான் எடுத்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. மற்ற பார்ட்டிகள் வீடியோ தாமதமானால் நேரில் வந்து கத்துவார்கள். கத்தியவர்கள் கல்யாணம் உடனே வெட்டப்படும். நான் யாரிடம் போய்க் கத்துவது? கத்துகிறவர்களைச் சமாதானம் செய்து மோர் வாங்கிக் கொடுப்பதே என் வேலை. “நம்ம புள்ள கல்யாணம்தான, எங்க ஓடிப்போவுது?” என்பார் ஓனர். தை முகூர்த்தம் முடியட்டும் என்றார். பிறகு வைகாசி, பிறகு ஆவணி. ஊரார் கல்யாணமெல்லாம் பாட்டோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, என் கல்யாணம் மட்டும் சர்வரின் அடியில் வெட்டப்படாமல் கிடந்தது.

இப்போது பெரிய மாமா. என் கணவர் குமரேசனுக்குச் சொந்த ஊர் அரும்பாவூர். மாமனார் காலமாகிவிட்டார். அவருடைய அண்ணன்தான் பெரிய மாமா, வேப்பந்தட்டையில் இருக்கிறார். கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு மாலை போட்டு மரியாதை செய்யவேண்டும். ‘எனக்கு எவனும் மாலை போடல’ என்பது பெரிய மாமாவின் புகார். ‘என் கையால நானே போட்டேன்’ என்று என் அப்பா சத்தியம் செய்கிறார். மண்டபம் நிறைய ஜனம் இருந்தது, ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. (அந்த நேரம் பார்த்துப் பந்தி ஆரம்பித்திருக்க வேண்டும்.) என் கல்யாணத்துக்குப் பிறகு பெரிய மாமா அரும்பாவூர் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

அப்படியே போயிருந்தால் போயிருக்கும். என் நாத்தனார் சுகந்திக்கு ஜெயங்கொண்டம் பக்கம் நல்ல இடம் அமைந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள். “அப்பா இல்லாத பொண்ணு. பெரியப்பா வந்து தாம்பூலம் மாத்துனாத்தான் எங்களுக்கும் கவுரவம். அவரும் வரலேன்னா, என்ன வெவகாரமோன்னு எங்க சனம் கேக்குமுங்க” என்றார்கள். நியாயம்தானே? குமரேசன் வேப்பந்தட்டைக்கு போன் போட்டார். பெரிய மாமா பிடி கொடுக்கவில்லை.

“வீடியோ எடுத்தீங்கல்ல? போட்டுப் பாரு. எங்கழுத்துல மாலை இருந்துச்சுன்னா நானே வந்து எல்லாருகிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டு சபையில ஒக்காருறேன். இல்லேன்னா ஒம்மாமனாரு வந்து எங்கிட்ட கேக்கணும். அதுவரைக்கும் கூப்புடாத.”

வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

“அவ்ளோதான? வீடியோ எங்கிட்டதான இருக்கு! வெள்ளிக்கிழம கொண்டாந்து டிவியில போட்டுடுறேன், அத்தை.”

அன்று இரவு என் தட்டில் அத்தை நடு மீனை வைத்தார். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, ஒங்களத்தான் மலைபோல நம்பியிருக்கேன்” என்றாள்.

அதே வாரம்தான் எங்கள் ஓனர் அரியலூரில் கிளை திறந்தார். அங்கேயும் ஒரு புது சர்வர். எனக்கு யோசனை பிறந்தது. இங்கே இருப்பதெல்லாம் அப்படியே அங்கேயும் இருந்தால்? இங்கே வெட்டினால் அங்கேயும் வெட்டியதாக, அங்கே சேர்த்தால் இங்கேயும் சேர்ந்ததாக, எப்போது பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால்? கண்ணாடி பார்ப்பதுபோல என்பதால் இதற்கு மிரர் என்றே பெயர். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. பழைய சர்வர் அவ்வப்போது இருமும். வெள்ளிக்கிழமைக்குள் அது மண்டையைப் போட்டுவிட்டால் சுகந்தியின் கதி? அந்த வீடியோவைக் காப்பாற்றத்தான் நான் இதையெல்லாம் செய்தேன். இதை யாராவது ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கிறார்களா?

(ஒரு பென் டிரைவில் உன் கல்யாணத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் போதுமே என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். படித்தவளுக்கு அவ்வளவு சின்ன வேலையெல்லாம் தோன்றாது.)

நானே ஒரு புரோகிராம் எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையான புரோகிராம். கல்யாண வீடியோ என்பது ராட்சச சைஸ். பாதி போகும்போது லைன் அறுந்தால், மற்றவர்கள் எழுதியது முதலிலிருந்து ஆரம்பிக்கும். என்னுடையது விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போய் வந்தாலும் அப்படியே. போய்ச் சேர்ந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு துளி வித்தியாசம் இருந்தாலும் மறுபடி அனுப்பும். இரண்டு ஊரிலும் வேலை நடக்குமே, எந்தப் பக்கத்தை நம்புவது? அதற்கும் ஒரு விதி வைத்தேன். எந்தப் பக்கம் கடைசியாக ஏதாவது மாறியதோ அந்தப் பக்கம்தான் சரி. மற்ற பக்கம் அப்படியே அதைப்போல ஆகிவிட வேண்டும். கூடுதலாக அங்கே எது கிடந்தாலும் குப்பை, தூக்கிவிட வேண்டும். ஒரு பாட்டு ஃபைலை வைத்துச் சோதித்தேன். அற்புதமாக வேலை செய்தது. ஓனரிடம் போய் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டு எடத்துலயும் ஒண்ணாவே இருக்கும், அதான?” என்றார். “ஒண்ணாவே இருக்கும் சார்” என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கிளை திறந்த அன்று காலை ஓனர் அரியலூரில், நான் பெரம்பலூரில். அங்கே புது சர்வருக்குச் சந்தனம், குங்குமம், தலையில் கதம்பம், காலடியில் எலுமிச்சம்பழம். போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, நல்ல நேரம் முடியப்போவுது. ஆரம்பிக்கலாமா?”

“ரெடி சார். பட்டனத் தட்டுனாப் போதும்.”

“இரு, இரு. நாம சாவு வூடு, காரியம்னு எல்லாத்தையுந்தான் எடுத்து வச்சிருக்கோம். புதுப் பொட்டியில மொத மொதல்ல ஒரு எழவு வந்து ஏறிடப் போவுது. நான் ஒரு புள்ளையார் படத்தப் போட்டுர்றேன். அதுக்கப்புறம் நீ தட்டு.”

“போடுங்க சார்” என்றேன்.

இந்த ஒரு வார்த்தைக்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. நான் கேட்கிறேன், நல்ல நேரத்தில், புது இடத்தில், பிள்ளையாரை வைக்கிறேன் என்று சொல்லும் முதலாளியிடம் ‘வேண்டாம் சார்’ என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்பும்? உங்களுக்கு எழும்புமா? எந்த ஊர் கம்ப்யூட்டர் புத்தகத்திலாவது ‘முதலாளி பிள்ளையார் வைத்தால் என்ன ஆகும்’ என்று ஒரு பாடம் இருக்கிறதா? அவர் வைத்தார். அங்கே தேங்காய் உடைபடும் சத்தம் போனில் கேட்டது. நான் தட்டினேன்.

புரோகிராம் பார்த்தது. கடைசியாக மாறியது எந்தப் பக்கம்? அரியலூர். இப்போதுதான், சுடச்சுட ஒரு பிள்ளையார். ஆக அரியலூர்தான் சரி. பெரம்பலூரில் அந்தப் பிள்ளையார் இல்லை, கூடுதலாக என்னென்னவோ கிடக்கிறது. அத்தனையும் குப்பை.

எனக்கு இதொன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளாவது ஓடும் என்று கணக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முடிந்திருந்தது! ‘இரண்டு பக்கமும் துளி வித்தியாசம் இல்லை’ என்று திரையில் பச்சை எழுத்து. (அந்தச் செய்தியை எழுதியதும் நானே.) கொஞ்சமாவது மூளை இருப்பவள் சந்தேகப்பட்டிருப்பாள். நான் பெருமைப்பட்டேன். ஓனருக்கு போன் போட்டு, “அரியலூர் லைன் பிரமாதம் சார், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றேன். அவர் அங்கே லட்டு கொடுக்கச் சொன்னார். குமரேசனுக்கு போன் போட்டு, “ஒங்க பெரியப்பாவோட மாலை இப்ப ரெண்டு ஊர்ல பத்திரமா இருக்கு” என்றேன். இதை அவர் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

ஜாகீர் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, நேத்து வெட்டிக்கிட்டிருந்த கல்யாணம் எங்கக்கா?”

“அங்கதான் இருக்கும், நல்லாப் பாருங்க ஜாகீர்.”

“யா அல்லா! இங்க ஒரே ஒரு பிள்ளையார்தான்க்கா இருக்காரு.”

ஓனரைக் கூப்பிட்டு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். “அதான்மா, நான் போட்ட புள்ளையாரு. கல்யாணமெல்லாம் எப்ப வந்து எறங்கும்?” என்றார் வாயில் லட்டோடு. அங்கே ஒரு பிள்ளையார், இங்கே ஒரு பிள்ளையார். துளி வித்தியாசம் இல்லை.

ஸ்டூடியோ பிழைத்துக்கொண்டது. பழைய கல்யாணங்கள் முடித்துக் கொடுத்தாயிற்று. புதியவை கேமரா கார்டுகளில் இன்னும் துடைக்கப்படாமல் இருந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு ஜாகீரின் கம்ப்யூட்டரில் பிரதி இருந்தது. சர்வரைத் தவிர வேறெங்கும் இல்லாத கல்யாணம் ஒன்றே ஒன்றுதான். நம்ம புள்ள கல்யாணம்தானே, எங்க ஓடிப்போவுது என்றாரே, ஓடிப்போய்விட்டது. அதற்காக அவர் ஒரு வார்த்தை வருத்தப்பட்டாரா என்றால் இல்லை. “புள்ளையார வச்சதாலதான் மத்ததெல்லாம் தப்பிச்சிது” என்று இன்றும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவர் திருச்சியில் இருந்தார். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் கல்யாணத்தில் அவரால் மீட்க முடிந்தது ஒரே ஒரு துண்டு. அது தாலி கட்டுகிற துண்டா? இல்லை. மாலை போடுகிற துண்டா? அதுவும் இல்லை. பந்தி. முன்வரிசையில் பெரிய மாமா உட்கார்ந்து பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, கையால் வழித்துக் குடித்து, இன்னொரு முறை கேட்கிறார். கழுத்து வெறுமையாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அரும்பாவூரில் டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை சாமிக்கு விளக்குகூட ஏற்றிவிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். சர்வர், மிரர், கடைசியாக மாறிய பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத்தன மாசமா வீடியோவுக்கு ஒண்ணும் ஆவல. கேட்ட வாரம் பாத்து அழிஞ்சிருச்சாமா?” என்றார் அத்தை, என்னிடம் இல்லை, டிவியிடம்.

“அம்மா, அவ வேணும்னு செய்யலம்மா” என்றார் குமரேசன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “செய்யலதான?” என்றாரே, அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பிறந்த வீட்டிலாவது ஆறுதல் கிடைக்குமா என்று அப்பாவுக்கு போன் போட்டேன். “நான் மாலை போட்டதுக்கு இருந்த ஒரே சாட்சிய அழிச்சுப்புட்டு நிக்கிறியே, நீ யாரு வூட்டுப் பொண்ணு? அந்தப் பந்தித் துண்ட யாருக்கும் காட்டித் தொலைக்காத, மாலை இல்லாத கழுத்தப் பாத்தா என்னத்தான் பொய்யன்னு சொல்லுவானுங்க” என்று வைத்துவிட்டார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சுகந்தி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் என்னைக் கொன்றது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வேப்பந்தட்டைக்குக் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. வீடியோ அழிந்த சேதி மட்டும் ராத்திரியே போனில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு அவ்வளவு கோபம். முட்டாள் என்று எத்தனை பேர் வேண்டுமானாலும் சொல்லட்டும், சதிகாரி என்று மட்டும் சொல்லவிடமாட்டேன் என்று வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டே போனேன்.

பெரிய மாமா களத்தில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒங்கப்பன் அனுப்பிச்சானா?”

“யாரும் அனுப்பல மாமா. நானாத்தான் வந்தேன். அந்த வீடியோவ நான் வேணும்னு அழிக்கல. ரெண்டு எடத்துல பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன், ரெண்டு எடத்துலயும் போயிருச்சு.”

“ரெண்டு எடத்துல வச்சா, ஒரு எடத்துல போனாலும் இன்னொரு எடத்துல இருக்குமே?”

“இல்ல மாமா, ஒரு எடத்துல போனா இன்னொரு எடத்துலயும் போயிரும். அப்படித்தான் செஞ்சேன்.”

“அத எதுக்கு செஞ்ச?”

லேப்டாப்பைத் திறந்து பந்தித் துண்டைப் போட்டேன். பெரிய மாமா குனிந்து தன்னையே பார்த்தார். பாயசம் இரண்டாம் முறை வந்ததும் முகம் கொஞ்சம் மாறியது.

“இத ஒங்கப்பன் பாத்தானா?”

“சொன்னேன் மாமா. யாருக்கும் காட்டாதன்னாரு.”

“ஏன்?”

“கழுத்துல மாலை இல்லியே. அதான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பெரிய அத்தையைக் கூப்பிட்டார்.

“ஏ, இங்க வாடி! இந்தப் புள்ள சதி பண்ணிருச்சுன்னு சொன்னேன்ல? சதி பண்றவ எல்லாத்தையும் அழிச்சுப்புட்டு, அவ அப்பன மாட்டிவுடுற துண்ட மட்டும் மிச்சம் வச்சு, வூடு தேடி வந்து போட்டுக் காட்டுவாளா? இவ்ளோ வெவரங்கெட்டவளால சதி பண்ண முடியாதுடி. பாவம் குமரேசன். இத வச்சுக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்துறானோ! நிச்சயத்துக்கு நாம போவலேன்னா அவனுக்கு வேற யாரு இருக்கா?”

“மாமா, நான் ஒண்ணும் வெவரங்கெட்டவ இல்ல. அந்த விதிப்படி பாத்தீங்கன்னா—”

“சும்மா இரு தாயி. நீ வெவரமானவன்னு சொன்னேன்னு வையி, எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துரும்.”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் எழுதிய புரோகிராம் எவ்வளவு அருமையானது, லைன் அறுந்தால் எப்படி விட்ட இடத்திலிருந்து தொடரும், எல்லாம். சுகந்தி கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் முழுசாக விழுங்கிய வார்த்தைகள் அவைதான். பெரிய அத்தை கொடுத்த மோரையும் அதன்மேல் விட்டு விழுங்கினேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் பெரிய மாமா வேட்டி மடிப்பு கலையாமல் வந்து இறங்கினார். சுகந்தி ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள், எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் அப்பா ஒரு பெரிய ரோஜா மாலையை, மண்டபம் முழுக்கப் பார்க்கும்படி, அவர் கழுத்தில் போட்டார். பெரிய மாமா ஜாகீரின் கேமரா பக்கம் திரும்பி நின்று, “பதிவாயிருச்சா தம்பி?” என்று கேட்டுக்கொண்டார். பிறகு மாலையைக் கழற்றி அப்பா கையிலேயே கொடுத்தார்.

“இன்னொரு தடவ போடுங்க சம்பந்தி. மொதல்ல போட்டது ஒங்க பொண்ணு அழிக்கிறதுக்கு. இது எனக்கு.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார். (பெற்ற அப்பா!) தாம்பூலம் மாற்றினார்கள். பெரிய மாமா சபையின் நடுவில் உட்கார்ந்து மூன்று வேளைக்கும் சேர்த்துப் பேசினார்.

அன்றிலிருந்து குமரேசன் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் பெரியவர்களுக்கு இரண்டு மாலைதான். பூக்காரரிடம் சொல்லும்போதே ‘மரியாதை மாலை ஒண்ணு, மருமவ மாலை ஒண்ணு’ என்று சொல்லிவிடுகிறார்கள். பங்காளி வீடுகளுக்கும் பரவிவிட்டது. போன மாதம் சுகந்தியின் குழந்தைக்குக் காதுகுத்து. எனக்குப் பக்கத்தில் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெரிய மாமாவுக்கு இரண்டாவது மாலை விழுந்ததும் என் பக்கம் சாய்ந்து விளக்க ஆரம்பித்தார்.

“இது இவங்க வூட்டு வழக்கமுங்க. காலங்காலமா இப்படித்தானாம். அந்தக் காலத்துல இந்த வம்சத்துக்கு வாழ வந்தவ ஒருத்தி, மாமியா வூட்டுப் பெரியவருக்குப் போட்ட மாலைய அழிச்சுப்புட்டாளாம். அவ்ளோ வெவரங்கெட்டவளாம். அதுலேர்ந்து ரெண்டாப் போடுறாங்களாம்.”

அந்தக் காலமாம்! எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. உண்மையை எடுத்து ஆரம்பத்திலிருந்து விளக்கலாம் என்று திரும்பினேன்.

“ஆமா, நீங்க இவங்களுக்கு என்ன ஒறவு?” என்று கேட்டார்.

“ஒறவெல்லாம் இல்லீங்க. வீடியோ எடுக்க வந்திருக்கோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜாகீர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.